தங்கவயலில் விளைந்த தமிழ் ஏடுகள்

தங்கவயல் என்று சொன்ன அளவிலே கேட்பவர் உள்ளத்தில் எழுவது பொன்னின் நினைவேயாகும். ஏறத்தாழ 120 ஆண்டுக் காலத்தில் இம்மண் உலகிற்கு வழங்கிய பொன் 800 டன்னுக்கும் மேற்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் நிலத்தின் கீழ் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிச் சென்று, ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த கன்னடத் திரைப்படமும், 2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘தங்கலான்’ என்னும் தமிழ்த் திரைப்படமும் நம் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. ஆயினும் அவை காட்டியவை எல்லாம் பொன்னும், பொன்னுக்காகச் சிந்திய குருதியுமே.

பொன்னை வெட்டியவர் நம் பாட்டன்மார். அப்பொன் அவர்கள் கையில் தங்கவில்லை, கப்பலேறிச் சென்றுவிட்டது. ஆனால் அவர்கள் தமக்கென்றே தேடிச் சேர்த்த செல்வம் ஒன்று உண்டு. அது ஏட்டுச் செல்வம். பகலில் பாறை குடைந்த கைகள் மாலையில் ஏடு புரட்டின. சங்கம் கண்டன, வார இதழ் நடத்தின, நூல்கள் பதிப்பித்தன. அந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனை இப்பொழுதே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்குக் காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

ஊர் உருவான வகை

இப்பகுதியில் பொன் உண்டு என்னும் செய்தியை 1802ஆம் ஆண்டு ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி குறித்து வைத்தார். மாரிக்குப்பம், உரிகம் முதலிய சிற்றூர்களின் மக்கள் அதற்கு முன்பே மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்தனர். 1873ஆம் ஆண்டு மைக்கேல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னரே தொழில் நிலைபெற்றது. 1894ஆம் ஆண்டு பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை இடப்பட்டது. அந்தப் பௌரிங்பேட்டையே இன்றைய பங்காரப்பேட்டை. 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்னாற்றல் இங்கு வந்து சேர்ந்தது.

பாதை வந்ததும் மக்கள் வந்தனர். அந்நாளைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் பலரைக் கிராமத்தினின்று பெயர்த்தெறிந்தது. பஞ்சமின்றியும் பெயர்ந்தவர் உண்டு. நிலமில்லை, உழைப்புக்குக் காசுக் கூலி இல்லை, பண்ணையார் சொல்லே சட்டம், ஊர்த் தெருவில் நடக்க உரிமையில்லை. இத்தகைய வாழ்வினின்று தப்பி வந்தவர்களே சுரங்கத் தொழிலாளருள் பெரும்பகுதியினர். அவர்களிற் பலர் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட ஆதி திராவிடப் பெருமக்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தங்கவயலின் மக்கள்தொகை ஏறத்தாழ 38,000.

அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டியால் அடைத்த லைன் வீடுகள். கொள்ளை நோய் வந்தது. பாறை வெடிப்பு வந்தது. நுரையீரலில் கல்தூசி படிந்தது. இருந்தும் கிராமத்தில் இல்லாத ஒன்று இங்கு இருந்தது. உழைப்புக்குக் கூலி காசாகக் கைக்கு வந்தது. பணி முடிந்த பின் எஞ்சிய நேரம் பண்ணையாருக்கு உரியதாய் இராமல் தொழிலாளிக்கே உரியதாய் இருந்தது. கையில் காசும், கைவசம் ஓய்வுப் பொழுதும் சிறிது கிடைத்தால் மனிதன் என்ன செய்வான்? ஒரு சாரார் கள்ளுக்கடைக்குச் சென்றனர் என்பது உண்மை. மற்றொரு சாரார் செய்ததைத்தான் நாம் இனிக் காணப்போகிறோம்.

மாரிக்குப்பத்தில் ஒரு சங்கம்

சென்னை இராயப்பேட்டையில் சித்த மருத்துவராக விளங்கியவர் க. அயோத்திதாச பண்டிதர் (1845–1914). தமிழும் வடமொழியும் பாலியும் பயின்றவர். 1898ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல மகா தேரரிடம் பஞ்ச சீலம் ஏற்று, திரும்பி வந்து சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்கள் பண்டைக் காலத்தில் தமிழ்ப் பௌத்தர்களாய் வாழ்ந்தவர்கள். அவ்வறத்தை விடாது பற்றியதனாலேயே தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கொள்கை. 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிற்று.

இதழ் தோன்றிய அந்த 1907ஆம் ஆண்டிலேயே மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை ஒன்று தோன்றியது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. எம். ஒய். முருகேசர் முதலியோர் அதற்குத் தூணாக நின்றனர். இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூடத் தமிழர் பெயர்ந்து சென்ற இடங்களில் இச்சங்கத்தின் கிளைகள் முளைத்தன. கிராமத்திலே தலைநிமிர முடியாதவன் கடல் கடந்தும் மலை கடந்தும் சென்ற இடத்தில் நிமிர்ந்தான். அவ்வாறு நிமிர்ந்த இடங்களுள் தமிழகத்தை அடுத்து முதன்மை பெற்றது நம் தங்கவயலே எனலாம்.

அக்காலத்தில் இதழ் என்பது ஒருவர் படிக்கப் பலர் கேட்பதாகும். எழுத்தறிந்தவர் சிலர், செவிச்செல்வம் நாடினோர் பலர். ஒரே பிரதி கை மாறிக் கை மாறிச் செல்லும். ஆகவே இத்தனை பிரதிகள் விற்றன என்னும் கணக்கைக் கொண்டு இதழின் ஆற்றலை அளந்துவிட முடியாது. கேட்டவர் ஐயம் எழுப்பினர். அந்த ஐயங்கள் கடிதங்களாகப் பண்டிதரிடம் சென்றன. விடைகள் இதழில் வெளிவந்தன. இவ்வாறு கேள்வியும் மறுமொழியுமாக ஒரு பள்ளிக்கூடமே நடந்தது.

கூத்து மேடையும் அச்சுத் தாளும்

நம் முன்னோரின் கலைவாழ்வு யாது? வட ஆர்க்காடு தெருக்கூத்தின் தாயகம். பாரதக் கதைகளும் அரிச்சந்திரன் கதையும் அங்கு விடிய விடிய ஆடப்பட்டன. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் தமிழ்நாடு முழுதும் பரவியிருந்தன. பாட்டும் ஆட்டமும் இனியவைதாம். ஆனால் மேடையில் காட்டப்படுபவன் தானே என்று அறியும்பொழுது பார்ப்பவனின் நிலை யாது? அரிச்சந்திரன் மயானத்தில் அடிமைப்பட்டு நிற்பது அவனுக்கு நேர்ந்த இழிவின் எல்லை என்று கதை சொல்லும். அந்த மயானத்தைக் காப்பவன் எக்குலத்தானாகக் காட்டப்படுகிறான்? நந்தன் தில்லைக்குச் செல்லத் தன் ஆண்டையின் காலில் விழுந்து கெஞ்சுகிறான். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் செல்லுகிறான். கண்ணீர் மல்கக் கேட்டவர்களுள் அந்தக் கதையைத் தம் கதையாகவே கேட்டவரும் இருந்தனர்.

அயோத்திதாசர் இக்கதைகளைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று கூவவும் இல்லை. கதையின் வேரைத் தேடினார். ‘அரிச்சந்திரன் பொய்கள்’ என்றும் ‘நந்தன் சரித்திர தந்திரம்’ என்றும் எழுதினார். நந்தன் பண்ணையாள் அல்லன், பௌத்த அரசன் என்பது அவர் துணிபு. திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றி வழங்கிய கட்டுக்கதையையும் மறுத்து, அவர் வரலாற்றைத் தம் நோக்கில் எழுதினார்.

விழாக்களையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். தீபாவளி என்பது எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வகையைக் கண்டறிந்த நாளின் நினைவு. கார்த்திகை விளக்கு ஆமணக்கு நெய் கண்டறிந்ததன் நினைவு. ஆடித் திங்களின் அம்மன், நோய் தீர்க்கும் மருந்து உரைத்த அம்பிகை என்னும் பௌத்தத் துறவி என்றார். அவர் கூறிய சொல்லாராய்ச்சிகளை எல்லாம் இக்கால அறிஞர் ஏற்றுக்கொள்வதில்லை. நாமும் ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் அவ்விளக்கங்களின் உட்பொருளை நோக்குக. அவற்றில் விழா என்பது உழைத்தும் ஆராய்ந்தும் ஒன்றைக் கண்டறிந்தவனைப் போற்றும் நாளாகிறது. எண்ணெய் விளக்கொளியில் சுரங்கத்தினுள் வேலை செய்த ஒருவன் இதனைக் கேட்டால், விளக்கையும் விழாவையும் புதிய கண்கொண்டு பார்ப்பான் அல்லனோ? ஊர்த் தேரை எட்ட நின்று பார்த்தவன், விழாவைத் தந்தவரே தன் முன்னோர் என்று எண்ணத் தலைப்பட்டான். வைகாசிப் பௌர்ணமி புத்தர் திருநாளாயிற்று.

தங்கவயல் முழுவதும் பௌத்தமாயிற்று என்று நான் கூற வரவில்லை. மாரியம்மன் திருவிழாக்களும் நடந்தன. வைணவ, சைவ சங்கங்களும் இருந்தன. கிறித்தவத் திருச்சபைகளும் பள்ளிகளும் பெரும்பணி ஆற்றின. ஒரே லைனில் ஒரு வீட்டில் திருவாய்மொழியும், அடுத்த வீட்டில் விவிலியமும், அதற்கடுத்த வீட்டில் பஞ்ச சீலமும் ஒலித்த ஊர் இது. கருத்து வேற்றுமை பேசித் தீர்க்கப்பட்டது. பேசுவதற்கு மொழி வேண்டியிருந்தது. அதனால் தமிழ் வளர்ந்தது.

தமிழன் மீண்டும் எழுந்தான்

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் மைந்தர் சிறிது காலம் நடத்திய பின் ‘தமிழன்’ நின்றது. தலைவர் மறைந்தால் இதழும் மறைவது நாம் பலமுறை கண்ட காட்சி. ஆனால் இங்கு அவ்வாறு முடியவில்லை. 1926ஆம் ஆண்டு ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது. இம்முறை சென்னையிலிருந்து அன்று, நம் தங்கவயலிலிருந்து. ஆசிரியர் கோ. அப்பாதுரையார். தலைநகரில் அணைந்த விளக்கைச் சுரங்க நகரம் ஏற்றியது. முப்பதுகளின் நடுப்பகுதி வரை அவ்விதழ் நடந்தது. தமிழகத்தில் தன்மான இயக்கம் வளர்ந்த அதே ஆண்டுகளில், அதனோடு தோழமை கொண்டு, சாதி ஒழிப்பையும் பகுத்தறிவையும் பேசியது.

இதழோடு பணி நின்றுவிடவில்லை. சாம்பியன் ரீப்பில் சித்தார்த்த புத்தகசாலை என்னும் பதிப்பகம் அமைந்தது. ‘தமிழன்’ இதழில் தொடராக வந்த ‘புத்தரது ஆதிவேதம்’, ‘இந்திரர் தேச சரித்திரம்’ ஆகியவற்றையும், மேலே குறித்தவை போன்ற சிறு நூல்களையும் அது அச்சிட்டுப் பரப்பியது. வார இதழ் வாரத்தோடு மறையும், நூல் நிற்கும். இந்த உண்மையை அறிந்து செயற்பட்டவர்கள் நம்மவர். பல்கலைக்கழகமோ, மடமோ, ஆதீனமோ, செல்வரோ முன்வராத பணியை, சம்பள நாளில் ஒதுக்கிய சிறு காசுகளே முடித்தன.

அந்த ஆண்டுகளில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். 1930ஆம் ஆண்டு, தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று சுரங்க நிருவாகம் ஆணையிட்டது. தங்கம் திருடுபவனைப் போலத் தம்மைக் கருதுகின்றனர் என்று தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அப்போது பதிவு பெற்ற தொழிற்சங்கம் எதுவும் இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் பல நாள் வேலைக்குச் செல்லவில்லை. கூலி உயர்வு கேட்டுப் பல போராட்டங்கள் நடந்திருக்கின்றன. இது மானத்தின் பொருட்டு எழுந்த போராட்டம். நிருவாகம் அவர்களை விரல் ரேகையாகக் கண்டது. அவர்களோ தம்மை வரலாறு உடைய மக்களாகக் கண்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏடு ஒலித்த ஊரில் இவ்வுணர்ச்சி எழுந்தது வியப்பன்று.

மறதியும் மீட்பும்

சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டு மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசு ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இதற்கிடையே புதிய தலைவர்களும் புதிய இயக்கங்களும் தோன்றினர். அயோத்திதாசர் பெயரைத் தமிழகம் மெல்ல மெல்ல மறந்தது. இலக்கிய வரலாறுகளில் அவருக்கு ஒரு வரி கூடக் கிடைக்காத காலமும் இருந்தது.

1999ஆம் ஆண்டு ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. அறிஞர் உலகம் திகைத்தது. நூறாண்டுக்கு முன்பே இத்தனை எழுதிய ஒருவர் இருந்தாரா என்று வினவியது. 2005ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு சென்னை கிண்டியில் அவர் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இன்று பல்கலைக்கழகங்களில் அவரைப் பற்றி ஆய்வு செய்வோர் பலர்.

இம்மீட்பு எவ்வாறு இயன்றது என்று எண்ணிப் பார்ப்போமாக. பழைய இதழ்களைப் பரணிலும் பெட்டியிலும் வைத்துக் காத்த எளிய குடும்பங்கள் இருந்தன. தங்கவயல் அச்சிட்ட சிறு நூல்கள் எங்கெங்கோ சில படிகளாவது எஞ்சியிருந்தன. அவை கறையானுக்கு இரையாகியிருந்தால் தொகுப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

இதனினும் பழைய செய்தி ஒன்று உண்டு. அயோத்திதாசர் தம் குடும்பத்தைப் பற்றி எழுதியது அது. அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற் பணியில் இருந்தார். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் தம் துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது என்பர் பண்டிதர். 1812ஆம் ஆண்டு திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது என்பது நாம் அறிந்ததே. அச்சுக்குப் பல வழிகளில் ஏடுகள் வந்திருக்கக்கூடும். எனினும் குறளை ஓலையில் காத்த வீடுகளுள் ஒரு சமையற்காரரின் வீடும் இருந்தது என்பதை அக்கூற்று நமக்கு நினைவூட்டுகிறது. பாட்டனார் காத்தது ஓலை. பேரனார் எழுதியது தாள். அந்தத் தாளைக் காத்தவை தொழிலாளர் வீடுகள். ஏடு காத்தல் என்பது மடங்களுக்கும் அரண்மனைகளுக்கும் மட்டும் உரிய பெருமையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று நாம் செய்யத்தக்கது

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம் காலனிகளின் நிலையை நாமே அறிவோம். 1894இல் மக்களை இங்குக் கொண்டுவந்த அதே இருப்புப்பாதை, இன்று விடியுமுன்னே நம் பிள்ளைகளைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்கிறது. இரவில் திருப்பிக் கொணர்கிறது. அவர்களிற் சிலர் அங்கேயே குடியேறிவிடுகின்றனர். பெரியவர் மறைகின்றனர், வீடு காலியாகிறது, பெட்டி திறக்கப்படுகிறது. பித்தளைப் பாத்திரம் பங்கு பிரிக்கப்படுகிறது. பழுப்பேறிய தாள்கள் எடைக்குப் போகின்றன.

நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் கற்பது நல்லதே. நாம் வாழும் மாநிலத்தின் மொழியை அறிவது நம் கடமையுமாகும். ஆனால் தமிழ் எழுத்தே தெரியாத பேரன், தன் பாட்டன் படித்த ஏட்டைக் கையில் எடுத்தால் அது அவனுக்கு வெறுங்காகிதந்தானே? பொன் தீர்ந்ததற்குப் பாறையின் ஆழமும் செலவும் காரணம் என்று கூறினர். ஏடு அழிந்தால் அதற்கு நம்மையன்றி யாரைக் காரணம் கூறுவது?

ஆகவே சங்கத்தின் அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வீட்டில் பழைய தமிழ் நூலோ, இதழோ, சங்கத் துண்டறிக்கையோ, நாடக விளம்பரமோ, திருமண வாழ்த்து மடலோ இருந்தால் அதனை எடைக்குப் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும் தாழ்வில்லை. அட்டையில் அச்சிட்ட ஆண்டும், அச்சகத்தின் பெயரும், ஊரின் பெயரும் இருக்கும். அவ்வளவே ஒரு வரலாற்றுச் சான்றாகும்.

இரண்டாவது, நம் சங்கத்தில் இதற்கென ஓர் அலமாரி வேண்டும். ஏட்டைத் தர மனமில்லாதவர் ஒரு நாள் இரவலாகத் தந்தாலும் போதும். கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேமிக்கும் வசதி இன்று ஒவ்வோர் இளைஞரிடமும் இருக்கிறது. அக்காலத்தில் ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதத் திங்கள் பல ஆயின. இன்று ஒரு மணி நேரம் போதும்.

மூன்றாவது, ஆண்டுவிழாவில் பாட்டும் ஆட்டமும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு அரைமணி நேரம் ஏடு படித்தலுக்கும் ஒதுக்குக. தங்கவயலில் அச்சான ஒரு நூலின் ஒரு பகுதியை ஒரு சிறுவனோ சிறுமியோ மேடையேறி உரக்கப் படிக்க, முதியவர் அமர்ந்து கேட்க வேண்டும். நூறாண்டுக்கு முன் படித்தவர் பெரியவர், கேட்டவர் பலர். அம்முறையை நாம் மீண்டும் தொடங்கலாம். பரிசு கொடுக்க வேண்டுமானால் அதற்கே கொடுக்கலாம்.

சயனைடு மேடுகளைப் பார்த்து, இவ்வூரில் இனி என்ன இருக்கிறது என்று கேட்பவர் உளர். இம்மேடுகள் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிவு மண். ஆயின் நம் முன்னோர் இங்கு விளைவித்த பொருள் வேறொன்றும் உண்டு. அது எந்தக் கப்பலிலும் ஏறிச் செல்லவில்லை. நம் வீட்டுப் பரண்களிலேயே இருக்கிறது. அதனை இறக்கித் தூசி தட்டுவோம். நம் மக்களுக்கு எழுத்தறிவித்துப் படிக்கச் செய்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!